சொல்லும் களவும்



பத்தாண்டுகளாகச் சொல்லின் அழகைப் போற்றிவந்த இவ்வரங்கில், சொல்லுக்கு நேர்ந்த இழிவைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

திருக்குறளில் கள்ளாமை 29ஆம் அதிகாரம். அதனை அடுத்து வருவது வாய்மை. களவும் பொய்யும் அண்டை வீட்டார் என்பதை அம்முறைவைப்பு எனக்கு உணர்த்துகின்றது. இணையவழி மோசடியிலோ இரு வீட்டிற்கும் இடையிலிருந்த சுவரே இடிந்துவிட்டது. இங்கே கன்னக்கோல் இல்லை, சொல்லே கருவி. முன்பின் அறியாதாரிடம் அன்பு மொழி பேசி, பல வாரம் உறவாடி, நம்பிக்கை கனிந்தபின் போலி முதலீட்டில் பணம் போடச் செய்து பறிப்பதே முறை.

இத்தொழிலுக்கு இளைஞரைச் சேர்ப்பதும் பொய்ச்சொல்லே. தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறைய ஊதியம் என்பர். பாங்காக்கில் இறங்கியவர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்படுவார். கடவுச்சீட்டு பறிபோகும், மோசடி செய்ய மறுத்தால் அடி விழும். 2022 அக்டோபரில் அங்கிருந்து 13 பேர் தமிழ்நாட்டிற்கு மீண்டு வந்தனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்பட்டு வரலாம் என 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிவித்தது.

என் மாணவர் ஒருவரும் அவ்வழியே சென்றார். நல்ல கவிதை எழுதியவர். வேலை கிடைத்த செய்தியோடு வந்தபோது வாழ்த்தி அனுப்பினேன். நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மீண்டு வந்தபின் அவர் சொன்னார்: “கணவரை இழந்த ஒரு மூதாட்டிக்கு நாள்தோறும் ‘சாப்பிட்டீர்களா’ என்று எழுதினேன், அம்மா. அந்த ஒரு வரிக்காக அவர் காத்திருந்தார். இப்போது அன்பு என்று எழுதவே கை கூசுகிறது.”

இவர் கள்வரா, கைதியா? இரண்டுமே என்பதுதான் இக்கொடுமையின் ஆழம். எல்லாரும் இவரைப் போன்றவர் அல்லர் என்பதையும் மறைக்கலாகாது. சிறு தரகுக்காகத் தம் வங்கிக் கணக்கை மோசடிக்காரருக்கு இரவல் தரும் மாணவர் நம்மிடையே உளர். அவர்களை எவரும் அடித்து வற்புறுத்தவில்லை.

1994இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை, பாதுகாப்பு என்பது நாட்டின் எல்லையை மட்டும் காப்பதன்று, மனிதரை அச்சத்தினின்றும் இல்லாமையினின்றும் காப்பது என்று விளக்கியது. இம்மோசடியால் முதியவர் தம் சேமிப்பை இழக்கின்றார். இளைஞர் தம் உரிமையை இழக்கின்றார். இருவரும் சேர்ந்து இழப்பது, பிறர் சொல்லை நம்பும் துணிவு. அத்துணிவு அற்ற ஊரில் பூட்டும் காவலும் எதைக் காக்கும்?

சொல்லை நம்பி வாழும் நமக்கு இதில் பங்கு உண்டு. வெளிநாடு புறப்படும் இளைஞரிடம் முகவர் பதிவு பெற்றவரா, வேலை யாது, ஊர் எது என வினவுவோம். இரவல் தந்த கணக்கு களவுக்குத் துணை என வகுப்பறையில் உரைப்போம். மீண்டு வந்தவரை ஒதுக்காதிருப்போம்.

அடுத்த திங்கள் கூட்டத்திற்கு அம்மாணவரை அழைத்துள்ளேன். அவரிடம் கவிதை கேட்காதீர்கள். அமர ஓர் இடம் கொடுங்கள். எழுதும் நாளில் அவரே எழுதட்டும்.