ஐந்து நொடி காத்திருந்த சில்லு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எங்கள் தொழிலைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டுமெனச் செயலாளர் பணித்தார். இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் மின்னணுக் கருவியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று தயங்கினோம். ஆயினும், பெங்களூருக்குப் பிழைப்பை நாடி வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தொழிலே சோறு போடுகிறது. ஆகவே, நாங்கள் செய்த ஒரு பிழையையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் மூவர் ஒரு சிறு தொழிற்கூடத்தில் பணியாற்றுகிறோம். சிற்றூர்ப் பால் நிலையங்களில் பாலின் எடையையும் கொழுப்பையும் பதிந்து வைக்கும் கருவியொன்றை அமைத்தோம். அதன் மூளை ஏஎம்3358 என்னும் நுண்செயலி. அதற்கு மின்சாரம் பங்கிட்டுத் தருவது டிபிஎஸ்65217 என்னும் சில்லு. இரண்டும் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் படைப்புகள். 1985-இல் நம் பெங்களூரில் வடிவமைப்பு நிலையம் தொடங்கிய நிறுவனம் அதுவே. 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் சிறு கணினியிலும் இவ்விணையே அமைந்துள்ளது. அதன் வரைபடம் எவரும் காணுமாறு வெளியிடப்பட்டிருப்பதால், அதனையே வழிகாட்டியாகக் கொண்டோம்.

மின்சாரம் பங்கிடத் தனியே ஒரு சில்லு எதற்கு என்று கேட்கலாம். வெளியிலிருந்து வருவது 5 வோல்ட். நினைவகத்துக்கு வேண்டுவது 1.5 வோல்ட், நுண்செயலியின் உள்மையத்துக்கு 1.1, வெளித்தொடர்புகளுக்கு 3.3, வேறு சில பகுதிகளுக்கு 1.8. இவை யாவும் ஒரே நேரத்தில் பாய்ந்துவிடலாகாது, வரிசைப்படி வரவேண்டும். கல்யாணப் பந்தியில் இலை போடுமுன் சாம்பார் ஊற்றுவார் உண்டோ? அதுபோலவே இதுவும்.

பந்தி தொடங்குவதற்கும் ஒரு முறை உண்டு. 5 வோல்ட் வந்தவுடன், சில்லானது நுண்செயலியின் கடிகாரப் பகுதிக்கு மட்டும் 1.8 வோல்ட் கொடுக்கிறது. அப்பகுதி விழித்து, ‘மற்றவற்றையும் அனுப்புக’ என்று ஒரு கம்பி வழியே சைகை காட்டவேண்டும். சில்லு 5 நொடி காத்திருக்கும். சைகை வந்தால் பரிமாறும். வராவிட்டால் கொடுத்ததையும் நிறுத்திவிட்டு உறங்கிவிடும்.

இருபது பலகைகள் செய்தோம். கருவிகளை ஒப்படைக்க இரண்டு வாரமே இருந்தது. இருபதில் ஒன்றேனும் விழிக்கவில்லை.

நுழைவாயிலில் 5 வோல்ட் குறைவின்றி இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு மின்வழிக்கும் தரைக்கும் இடையேயுள்ள தடையை மல்டிமீட்டரால் அளந்தோம். எங்கும் குறுக்குச்சுற்று இல்லை. உடனே சில்லின்மீது ஐயங்கொண்டு, மூன்று பலகைகளில் அதனை மாற்றினோம். பயனில்லை. அடுத்து எங்கள் ஐயம் சால்டரிங் செய்த பெண்மணியின்மீது பாய்ந்தது. 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 48 இணைப்புகளும், அடியில் ஒரு தரைத்தகடும் கொண்ட சில்லு அது. கை சற்றே பிசகினாலும் கெட்டுவிடும் என்பது மெய்யே. எங்களில் ஒருவர் பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து பேசிவிட்டார். மற்ற இருவரும் தடுக்கவில்லை.

அவர் சினங்கொள்ளவில்லை. “என் கை தவறியிருந்தால் ஒரு பலகையில் ஒருவிதமாகவும் வேறொன்றில் வேறுவிதமாகவும் அல்லவா தவறியிருக்கும்? இருபதிலும் ஒன்றுபோலவா தவறும்?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் விடை கூறவில்லை. ஆனால் அன்றிரவு எங்களில் எவருக்கும் உறக்கம் வரவில்லை.

மறுநாள் முறையாகத் தொடங்கினோம். அலைகாட்டியின் ஒரு முனையை 1.8 வோல்ட் வழியிலும், மற்றதைச் சில்லின் சைகைக் காலிலும் வைத்தோம். 1.8 வோல்ட் எழுந்தது, 5 நொடி நின்றது, வீழ்ந்தது. சைகைக் காலிலோ அசைவே இல்லை. அப்படியானால் சில்லு பழுதற்றது. தன் கடமையைச் செய்துவிட்டுக் காத்திருக்கிறது. பின்னர், நுண்செயலியின் அதே சைகை வெளிவரும் சிறு துளையில் முனையை வைத்தோம். அங்கே சைகை உயர்ந்து நின்றது! ஒருவர் கூப்பிட்டிருக்கிறார், மற்றவர் காதில் விழவில்லை. இடையிலிருந்த கம்பியைத் தேடினோம். பலகையில் அப்படியொரு கம்பியே இல்லை.

வரைபடத்தைப் புரட்டினோம். இரண்டாம் பக்கத்தில் அக்கம்பிக்கு ஒரு பெயரும் ஐந்தாம் பக்கத்தில் வேறொரு பெயரும் இட்டிருந்தோம். வரைபட மென்பொருளுக்குப் பெயர் ஒன்றானால் கம்பி ஒன்று. பெயர் இரண்டானால் கம்பி இரண்டு. அது எச்சரிக்கவும் செய்திருந்தது. சில்லறை எச்சரிக்கைகள் பலவற்றினிடையே அதனையும் தள்ளிவிட்டுக் கையொப்பமிட்டவர்கள் நாங்களே.

தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியொன்றால் அவ்விரு இடங்களையும் இணைத்துக் கொடுத்தவர் அதே பெண்மணி. மின்சாரம் கொடுத்தோம். மின்னழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. நினைவட்டை பொருத்தப்படாமையால், நுண்செயலி திரையில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தையே திரும்பத் திரும்ப அச்சிட்டது. ‘விழித்துவிட்டேன், நிரலைத் தருக’ என்பது அதன் பொருள். குழந்தையின் முதல் மழலையைக் கேட்டாற்போல் மகிழ்ந்தோம். மற்றப் பத்தொன்பதையும் அவ்வாறே சீர்செய்து, குறித்த நாளில் ஒப்படைத்தோம்.

கடிந்தது பலர் முன்னிலையில். ஆதலால் மன்னிப்புக் கேட்டதும் பலர் முன்னிலையிலேயே. வரைபடத்தின் அந்த இரு பக்கங்களையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். புதிதாய் வேலைக்குச் சேர்வோர் முதலில் படிப்பது அதைத்தான்.

இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். பேசாதிருப்பதெல்லாம் பழுதென்று எண்ணாதீர்கள். அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். வரிசைப்படி அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பிழை காணின், செய்த கையை நோவதற்குமுன் வரைந்த கையைச் சோதியுங்கள். அது பெரும்பாலும் நம் கையாகவே இருக்கும்.