ஆறாண்டில் இரு பட்டங்கள்

(சங்கத்தின் இளைஞர் அவையில் நிகழ்த்திய பேச்சு)





இன்றைய பேச்சுக்குரிய பொருளை நான் தேடிச் செல்லவில்லை. அது கடல் கடந்து எங்கள் வீட்டுக்கே வந்தது. அமெரிக்காவிற் குடியிருக்கும் என் சித்தப்பாவின் மகள் அண்மையிற் பள்ளிப் படிப்பை முடித்தாள். அவளுக்கு வயது பதினெட்டு. “அண்ணா, இங்கே ஏழு வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்து, கலைமாணிப் பட்டமும் சட்டப் பட்டமும் எடுக்கலாம் என்கிறார்கள். நான் சேரட்டுமா?” என்று எழுதிக் கேட்டிருந்தாள். “ஒரு வருடம் மிச்சமானால் நல்லதுதானே” என்பது சித்தப்பாவின் அபிப்பிராயம். “பிள்ளை இன்னும் உலகம் அறியவில்லை” என்பது சித்தியின் அபிப்பிராயம். என் தந்தையார் அதை வாசித்துவிட்டு, “நீதான் சர்வகலாசாலையிற் படிக்கிறாய், நீயே பதில் எழுது” என்று கூறிவிட்டார். அந்தப் பதிலை எழுதுவதற்காக நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்நாட்டு முறையைச் சொல்லவேண்டும். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையிற் போதிய புள்ளிகள் பெற்ற மாணவன் நேரே சட்டபீடத்திற் புகுந்து, நான்கு ஆண்டிற் சட்டமாணி ஆகலாம். 1874ஆம் ஆண்டுமுதல் நடந்துவரும் சட்டக் கல்வி முறையின் வழியாகக் கொழும்புச் சட்டக் கல்லூரியிற் சேர்வதற்கும் வேறொரு பட்டம் கையில் இருக்கவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவிலோ அப்படியன்று. வரலாறோ, பொருளியலோ, விஞ்ஞானமோ ஏதாவதொரு துறையில் நான்கு ஆண்டு கற்று முதலிற் பட்டம் பெறவேண்டும். அதன் பின்னரே சட்டக் கல்லூரி. அங்கே மூன்று ஆண்டு. ஆக ஏழு ஆண்டுகள். அதற்கு மேலும், பொதுவாக, தான் தொழில் செய்ய விரும்பும் மாநிலத்தின் வழக்கறிஞர் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும்.

இது அந்நாட்டில் ஆதிமுதல் இருந்த முறையும் அன்று. ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். இரவல் வாங்கிய புத்தகங்களைத் தாமே கற்று 1836இல் வழக்கறிஞருக்கான உத்தரவு பெற்றார். நூரம்பேர்க் விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வழக்குத்தொடுநராக நின்ற றொபேட் ஜாக்சன், சட்டப் பட்டம் பெறாமலே வழக்கறிஞராகி, 1941இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்து நீதியரசரானவர். 1870இல் லாங்டெல் என்பவர் ஹாவார்ட் சட்டக் கல்லூரியின் தலைமையை ஏற்றபின்னரே, கல்லூரியில் ஒழுங்காகச் சட்டம் கற்கும் முறை வலுப்பெற்றது. முதலில் ஒரு பட்டம், பின்னர் சட்டம் என்ற நியதியும் காலப்போக்கில் நிலைபெற்றது.

இனி, தங்கை கேட்ட திட்டத்துக்கு வருவோம். ‘மூன்றும் மூன்றும்’ என்பதே அதற்கு அங்கு வழங்கும் பெயர். நியூயோர்க்கிலுள்ள போர்டம், நியூ ஜேர்சியிலுள்ள ரட்கர்ஸ், அயோவா மாநிலத்துப் பல்கலைக்கழகம் முதலிய பல இடங்களில் இது நடைபெறுகிறது. அங்கே ஒரு கலைமாணிப் பட்டத்துக்கு வழக்கமாக 120 பாட அலகுகள் வேண்டும். அவற்றில் ஏறக்குறைய 90 அலகுகளை மூன்று ஆண்டிற் படித்து முடித்துவிட்டு, நான்காம் ஆண்டிலே மாணவன் சட்டக் கல்லூரிக்குள் நுழைகிறான். சட்டக் கல்லூரியின் முதலாண்டிற் கற்கும் ஒப்பந்தச் சட்டமும் குற்றவியற் சட்டமும் இரண்டு கணக்கிலும் எழுதப்படுகின்றன: கலைமாணியின் கடைசி ஆண்டும் அதுவே, சட்டத்தின் முதலாண்டும் அதுவே. சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், இத்தகைய இணைப்புத் திட்டத்தின் கீழ், பட்டப்படிப்பின் முக்காற் பங்கை முடித்தவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி செய்திருக்கிறது.

இங்கே ஒன்றை நாம் நன்றாகக் கவனிக்கவேண்டும். சட்டப் படிப்பின் மூன்று ஆண்டிலிருந்து ஒரு நாளேனும் குறைக்கப்படவில்லை. குறைந்தது முன்னே உள்ள பொதுக் கல்வியின் ஓராண்டு. ஆகவே, “சட்டத்தை விரைவாகக் கற்கலாமா?” என்பதன்று கேள்வி. “அந்த ஓராண்டுப் பொதுக் கல்வி இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெறும்?” என்பதே கேள்வி.

இலாபத்தை முதலிற் சொல்லுகிறேன். ஓராண்டுக் கட்டணமும் உணவு உறையுட் செலவும் மிச்சம். ஓராண்டு முந்தியே உழைக்கத் தொடங்கலாம். அமெரிக்க மாணவர் பலர் கடன்பட்டே சட்டம் கற்கிறார்கள். 2025இல் அந்நாட்டிற் செய்யப்பட்ட சட்டம் ஒன்று, 2026 யூலை 1ஆந் திகதிமுதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு, சட்டம் போன்ற தொழிற்கல்விகளுக்காக அரசாங்கம் வழங்கும் கடனை ஆண்டுக்கு 50,000 டொலர், மொத்தமாக 200,000 டொலர் என வரையறுத்தது. எல்லை போட்டும் இவ்வளவு என்றால், அந்தச் சுமை எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். சித்தப்பாவின் “மிச்சம்” என்ற சொல்லை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் கொடுக்கல் வாங்கலில் இரு கரைக்கும் கணக்கு உண்டு. நாலாண்டுப் பாடத்தை மூன்றாண்டில் முடிக்க வேண்டியவளுக்கு, விருப்பமான வேறொரு பாடத்தைச் சுவைத்துப் பார்க்க நேரமில்லை. பிறநாடு சென்று ஒரு தவணை கற்கவும் இடமில்லை. கலைமாணி மாணவருக்குக் கிடைக்கும் உதவிப் பணம் பெரும்பாலும் சட்டக் கல்லூரிக்குத் தொடர்ந்து வருவதில்லை. நான்காம் ஆண்டிற் கட்டவேண்டியது சட்டக் கல்லூரிக் கட்டணம். பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, எங்கே கூடிய புலமைப் பரிசில் தருகிறார்கள் என்று பார்த்துச் சேரும் வாய்ப்பும் குறைகிறது. 2010ஆம் ஆண்டின் பின் அங்கே சட்டக் கல்லூரிகளிற் சேர்வோர் தொகை வெகுவாகக் குறைந்தது. இத்தகைய திட்டங்கள் பல இடங்களிற் புதிதாகத் தொடங்கப்பட்டதும் அக்காலத்தை அடுத்தே. கடையில் விலை குறைத்துப் பலகை தொங்கும்போது, வாங்குபவனுக்கு மட்டுமன்றி விற்பவனுக்கும் அதில் நன்மை உண்டென்பதை நாம் மறக்கலாகாது.

ஆண்டைக் குறைப்பதற்கு வேறொரு வழியும் உண்டு. இந்தியாவில் மூன்றாண்டுப் பட்டமும் மூன்றாண்டுச் சட்டமுமாக ஆறாண்டு கற்பது முன்னைய வழக்கம். 1988இல் பெங்களூர்த் தேசிய சட்டக் கல்லூரியில், மாதவ மேனன் அவர்களின் தலைமையில், பள்ளியை விட்டு வந்த மாணவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பொன்று தொடங்கிற்று. அங்கே வரலாறும் பொருளியலும் சமூகவியலும் சட்டத்தோடு ஒன்றாகப் பின்னப்பட்டன. அமெரிக்கத் திட்டம் ஓலையை நறுக்கிச் சிறிதாக்குகிறது. பெங்களூர்த் திட்டம் ஓலையைப் பாயாக இழைக்கிறது. குடிவாரச் சட்டத்தைப் படிக்கும் அதே ஆண்டிற் குடியானவனின் வறுமையையும் படிப்பவனுக்குச் சட்டத்தின் வேரும் தெரியும். பின்னர் இந்தியாவிற் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றியதில் வியப்பில்லை.

இனி, விரையாமற் சென்ற இருவரைப் பற்றிச் சொல்ல அனுமதி தாருங்கள்.

ஒருவர் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பராக் ஒபாமா. அவர் 1983இற் பட்டம் பெற்றார். ஹாவார்ட் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தது 1988இல். இடையில் மூன்று ஆண்டுகள் சிக்காகோ நகரத்தின் ஏழை மக்களிடையே வேலை செய்தார். அவரே 2013இற் பேசும்போது, சட்டப் படிப்பை இரண்டாண்டாகக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம், மூன்றாம் ஆண்டை மாணவர் தொழில் பழகுவதிற் செலவிடலாம் என்ற கருத்தைக் கூறினார். வகுப்பறையைச் சுருக்கலாம் என்றவர், அநுபவத்தைச் சுருக்கலாம் என்று சொல்லவில்லை.

மற்றவர் நம்மவர். அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நடத்திய செமினரியிற் கற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகப் பி. ஏ. பட்டம் பெற்றார். சட்டத்தில் பி. எல். பட்டம் பெற்றது 1871இல். நடுவே பத்து ஆண்டுகளுக்கு மேல்! அக்காலத்தில் அவர் உத்தியோகம் பார்த்தார். தமிழையும் விடாது கற்றார். பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாயும் இருந்தார். 1887இற் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பத்தாண்டுக்கு மேல் தாமதித்தவர் என்று அவரை யாரேனும் இன்று இரங்கிப் பேசுகிறார்களா?

இத்தனையும் நூலறிவு. என் சொந்த அநுபவம் ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நேர்மையானதாகாது.

என்னை ஒரு சட்டத்தரணியாகக் காணவேண்டும் என்பது என் தந்தையாரின் ஆசை. அவர் இம்மண்டபத்திலேயே இருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதியபின், சர்வகலாசாலை அனுமதிக்காகப் பல மாதங்கள் காத்திருந்தேன். அந்த வேளையில் அப்பா என்னை அயலூரில் உள்ள ஒரு முதிய சட்டத்தரணியிடம் கொண்டுபோய் விட்டார். அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரு வகையும் 1974இல் ஒன்றாக்கப்பட்ட பிறகும், ஊரவர்க்கு அவர் பிரக்கிராசியார்தான். பழைய காணி உறுதிகளைப் பிரதிபண்ணுவது என் வேலை.

ஒருநாள் ஒரு மூதாட்டி வந்தார். உறுதியில் அவருக்குக் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் தெளிவாக எழுதியிருந்தது. தமையனின் மகன் குறுக்கே மதில் எழுப்பிவிட்டான். வழக்கு வெற்றிதான் என்று நான் மனத்துள் தீர்ப்பே எழுதிவிட்டேன். பிரக்கிராசியாரோ உறுதியை மடித்து வைத்துவிட்டு, “அக்கா, உங்கட தமையன்ர செத்தவீட்டுக்குப் போனனீங்களோ?” என்று கேட்டார். மூதாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “போகேல்லைத் தம்பி” என்று சொல்லி அழுதார்.

மதிலின் அத்திவாரம் எங்கே கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அடுத்த கிழமை இரு பகுதியாரும் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து பேசினார்கள். மதிலில் ஒரு படலை திறக்க இணங்கினார்கள். வழக்கு நீதிமன்றம் போகவில்லை. பிரக்கிராசியாருக்கும் பெரிய வருமானம் இல்லை. அந்தக் கேள்வியை எந்தச் சட்டப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்தார்?

அம்மாதங்கள் எனக்கு வேறொன்றையும் காட்டின. பிறர் பிணக்கைப் பொறுமையோடு கேட்கும் அந்தக் குணம் எனக்குப் போதாது. நான் உறுதிகளிற் கண்டு மகிழ்ந்தது பழைய காணிப் பெயர்களையும் அவற்றின் வரலாற்றையுமே. ஆதலால் வரலாற்றைத் தேர்ந்தேன். அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை கடிந்ததும் இல்லை. ஆனால் அவர் மௌனத்தின் பாரம் எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் எவராவது என்னிடம் ‘ஆறாண்டில் இரு பட்டம்’ என்று சொல்லியிருந்தால், அப்பாவை மகிழ்விக்க உடனே கையொப்பம் வைத்திருப்பேன். பிழையான வழியில் விரைந்து சென்றிருப்பேன். என்னோடு அதே கந்தோரில் இருந்த நண்பனோ அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றே சட்டத்தைத் தன் வழியாகக் கண்டுகொண்டான். அவனுக்கு ஓராண்டு மிச்சமானால் அது உண்மையான மிச்சம்.

ஆகவே தங்கைக்கு நான் எழுதிய பதில் இதுதான்: “முதலிற் கல்லூரியிற் சேர். இரண்டு வழியும் திறந்திருக்கும்படி பாடங்களைத் தெரிவு செய். முதல் விடுமுறையிலேயே நீதிமன்றத்திற் போய் இரு; ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பேசும் நிலையம் இருந்தால் அங்கே கடிதம் எழுதிக் கொடு. சட்டக் கல்லூரிக்குள் புகும் முடிவை மூன்றாம் ஆண்டில் எடு. இடம் கிடைக்காவிட்டாலோ, மனம் மாறினாலோ, நான்காம் ஆண்டை வழக்கம்போற் படித்துப் பட்டம் பெறலாமா என்று இப்போதே எழுத்திற் கேட்டு வை. நான்காம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எந்த உதவிப் பணம் நின்றுவிடும் என்பதையும் கேள். சித்தப்பா சொல்வதும் சரி. சித்தி சொல்வதும் சரி. இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டியவள் நீ.”

இறுதியாக, நமக்கு ஒரு வார்த்தை. அந்நாட்டார் ஓராண்டை மிச்சம் பிடிக்கத் திட்டம் வகுக்கிறார்கள். நம்மிலோ, பரீட்சைக்கும் சர்வகலாசாலை அனுமதிக்கும் இடையிற் பலருக்கு ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும், வீணே கழிகிறது. அதைச் சுருக்குவது நம் கையில் இல்லை. பயன்படுத்துவது நம் கையில் உண்டு. இந்த மண்டபத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். வைத்தியர்கள், ஆசிரியர்கள், கணக்காளர்கள் இருக்கிறீர்கள். காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு உங்கள் கந்தோரில் ஒரு நாற்காலி கொடுக்க மாட்டீர்களா? சங்கம் பெயர்களைச் சேர்த்துத் தந்தால், அடுத்த பரீட்சை முடிந்தவுடனேயே இதைத் தொடங்கலாம். அந்த நாற்காலியிலிருந்து ஒருவன் தன் தொழிலைக் கண்டுகொள்வான். இன்னொருவன், என்னைப் போல, அது தன் தொழில் அன்று என்பதைக் கண்டுகொள்வான். இரண்டும் இலாபமே.