மருந்துச் சீட்டும் நம் பிள்ளைகளின் ஆங்கிலமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் "கல்வியின் சிறப்பு" என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அது நீங்கள் அறியாத பொருள் அன்று. அறியாதவராயின் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கு வந்து அமர்ந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, அவர்களுடைய இசைவோடு சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் நம் கையில் தரப்படும் சீட்டில் உள்ள ஆங்கிலத்தை நம் பிள்ளைகள் படித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்பதே அது.

1982ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தாயாருக்கு இரண்டு மாதங்களாக ஓயாத இருமல். மாலையானால் காய்ச்சல். உடல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. என் தந்தையார் அவரை அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். மார்பைப் படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், ஒரு சீட்டில் இரண்டு வரிகள் எழுதிக் கொடுத்து, மறுநாள் முதல் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். என்ன நோய் என்று கேட்க என் தந்தையாருக்கு நா எழவில்லை. வீட்டிற்கு வந்து சீட்டை என்னிடம் நீட்டினார். ஆங்கில எழுத்துகள் 26ம் எனக்குத் தெரியும். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். சொல் தெரியவில்லை. "ஏழு வருஷம் படிச்சும் இது தெரியலையா?" என்று அவர் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒன்றும் கேளாமல் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு ஊர்த் தெருவுக்குப் புறப்பட்டார்.

அக்காலத்தில் எங்கள் சேரியில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லை. ஊர்த் தெருவில் ஆங்கிலம் படித்தவர் ஒருவர் இருந்தார். திண்ணைக்குக் கீழே நின்றபடி என் தந்தையார் சீட்டை நீட்டினார். அவர் வாங்கி முதல் வரியைப் படித்தார். படித்ததும் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். "டி.பி.டா இது, எலும்புருக்கி. அவளைத் தனியா வை" என்றார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுவதும் அறிந்துவிட்டது. மறுநாள் களை பறிக்க என் தாயாரைக் கூப்பிட ஆள் வரவில்லை. அடுத்த நடவுக்கும் வரவில்லை. அதற்கடுத்த அறுவடைக்கும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் அக்காள் பள்ளியை விட்டு நின்று செங்கல் சூளைக்குப் போனார். என்னைவிட நன்றாகப் படித்தவர் அவர்.

அந்தப் பெரியவர் தீய எண்ணத்தோடு செய்தார் என்று நான் கூற வரவில்லை. தமக்குத் தெரிந்ததைப் படித்தார், தெரியாததை விட்டுவிட்டார். அவர் விட்டுவிட்ட இரண்டாம் வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்ப் பற்றுடைய நண்பர்கள் சிலர், "சீட்டைத் தமிழில் எழுதுங்கள் என்று கேட்பதை விட்டு, எங்களை ஆங்கிலம் படிக்கச் சொல்கிறீரே" என்று வினவக்கூடும். நியாயமான வினாதான். தமிழால் இயலாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் இதனைச் செய்தே காட்டியவர் ஒருவர் உண்டு. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847இல் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டு முதல் நம் தமிழ் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசுப் பணியையும் நகரத்தையும் நாடிச் சென்றுவிட, கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்ப்பவர் வேண்டும் என்று எண்ணி, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அறுவை மருத்துவத்தை "இரண வைத்தியம்" என்றும், உடற்கூற்று நூலை "மனுஷ அங்காதிபாதம்" என்றும் தமிழில் அச்சிட்டார். வேதியியலுக்கு அவர் இட்ட பெயர் "கெமிஸ்தம்". கேட்டால் சிரிப்பு வரலாம். ஆயினும் சொல் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உடை உடுத்தும் துணிவு அவருக்கு இருந்தது. மருத்துவம் நம் மக்களுக்கும் அயலானதன்று. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவத்தில் வல்லவர். ஊர்ப் பிரசவங்களைப் பார்த்தவர்களில் நம் பாட்டிமார் எத்தனை பேர்!

எனினும் இன்று செஞ்சி மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை அட்டையின் முதுகில் உள்ள பொடி எழுத்தும், முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ அனுப்பும்போது தரும் கடிதமும், இரத்தப் பரிசோதனைத் தாளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. இவையெல்லாம் தமிழில் வரும்வரை நோய் நமக்காகக் காத்திருக்காது.

இளைஞர்களே, இந்த ஆங்கிலம் மலை போன்றது என்று அஞ்ச வேண்டாம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருக்கிறீர்கள். பகுதி, விகுதி என்று பிரிப்போம் அல்லவா? மருத்துவ ஆங்கிலத்தின் நீண்ட சொற்களுள் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் மொழித் துண்டுகளை ஒட்டியவை. அவற்றையும் அவ்வாறே பிரிக்கலாம். "ஐட்டிஸ்" என்று முடிந்தால் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி; காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி; ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி. "ஈமியா" என்று முடிந்தால் இரத்தத்தைப் பற்றியது. அதன் முன் இன்மையைக் குறிக்கும் துண்டு சேர்ந்தால் அனீமியா, நம் தாய்மார் பலரை வாட்டும் சோகை. நடுவில் "கிளைசி" வந்தால் சர்க்கரை. முன்னால் "ஹைப்பர்" வந்தால் மிகுதி. "ஹைப்போ" வந்தால் குறைவு. நம் காதுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று பொருள். நினைவோடு இருப்பவருக்கு உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். ஹைப்பர் என்றால் இனிப்பே ஆகாது. ஓர் உயிர் ஓர் அசையில் நிற்கிறது.

2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. அவ்வழியே சென்ற தமிழ்வழி மாணவர் சிலர் என்னிடம் கூறியது இதுதான்: பாடம் புரிகிறது, சொல்தான் மிரட்டுகிறது. இன்று இந்தத் துண்டுகளைக் கற்கும் பிள்ளைக்கு அந்த மிரட்சி பாதியாகக் குறையும்.

தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருவது மற்றொரு தொல்லை. வகுப்பில் ஒருமுறை, "ஸ்டூல் டெஸ்ட் என்றால் என்ன?" என்று கேட்டேன். "முக்காலி உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது, ஐயா" என்றான் ஒருவன். வகுப்பே ஆமோதித்தது. மலப் பரிசோதனை என்று நான் சொன்னதும் எழுந்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று; ஆனால் அச்சொல்லை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள். "கல்ச்சர்" என்றால் பண்பாடு என்று படித்திருக்கிறோம். ஆய்வகத்தில் அது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. "அக்யூட்" என்றால் மிகக் கொடியது என்று பலர் நடுங்குகிறார்கள்; அது திடீரெனத் தோன்றியது என்று பொருள்படும். நெடுநாளாக நீடிப்பது "கிரானிக்". "லேபர் வார்டு" என்னும் பலகையைப் பார்த்துக் கூலியாட்களுக்குத் தனி வார்டா என்று கேட்டாள் ஒரு சிறுமி. பேறுகால வலியையும் உழைப்பையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது என்று விளக்கினேன். "எங்க அம்மாவுக்கு ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு சார், களத்துமேட்டுல" என்றாள். அதற்கு விளக்கம் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

இனிச் சீட்டில் வரும் சுருக்கெழுத்துகள். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை; பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்பதைக் கப்பல் மூழ்கும்போது எழுப்பும் அபயக் குரல் என்று பாடத்தில் படித்தவர்கள், உடனே விழுங்க வேண்டிய மாத்திரை என்று எண்ணிவிடுகிறார்கள். சீட்டில் அது இலத்தீன் தொடரின் சுருக்கம். தேவைப்பட்டால் மட்டும் உண்க என்பதே பொருள்.

மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர் தனியே இருக்கும். குரோசின், டோலோ, கால்பால் என்று பெயர் வேறு வேறானாலும் மூன்றிலும் உள்ளது பாராசிட்டமாலே. காய்ச்சலுக்கு ஒன்று, தலைவலிக்கு மற்றொன்று என்று இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் உளர். ஒரே மருந்து இருமடங்காகிறது; அளவு மீறினால் கல்லீரல் கெடும். பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் இதனைத் தடுக்கலாம். மருத்துவருக்கு மேல் மருத்துவராக அப்பிள்ளை நடந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் நம் வேலையன்று. படிப்பதும் கேட்பதும் நம் வேலை.

இப்பொழுது அந்த இரண்டாம் வரிக்கு வருகிறேன். என் தாயார் ஊசியும் மாத்திரையும் விடாமல் எடுத்துக்கொண்டு பூரண குணமடைந்தார். நான் பி.எட். முடித்த ஆண்டில், வீட்டுத் தகரப் பெட்டியில் சான்றிதழ் தேடியபோது அந்தச் சீட்டு கிடைத்தது. முதல் வரி, "பல்மனரி டியூபர்குலோசிஸ்", நுரையீரல் காசநோய். அதன் கீழே, "ஸ்பியூட்டம் நெகட்டிவ்" என்று இருந்தது. ஸ்பியூட்டம் என்றால் சளி. நெகட்டிவ் என்றால் சளியில் கிருமி தென்படவில்லை. சளியில் கிருமி தென்படாதவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு. நெகட்டிவ் என்றால் கெட்ட செய்தி என்று இன்றும் பலர் நினைக்கின்றனர். பரிசோதனைத் தாளில் பெரும்பாலும் அதுவே நல்ல செய்தி. அந்த நல்ல செய்தி எங்கள் பெட்டிக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்திருக்கிறது.

இன்னொன்றையும் பின்னாளில் அறிந்தேன். காசநோய்க்கு மருந்துச் சிகிச்சையை ஆராய 1956இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. நெருக்கமான குடிசைகளிலும் சிறு வீடுகளிலும் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மறு பகுதியினரை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். முறையாக மருந்து உண்டால் வீட்டில் இருப்பவரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைகிறார், உடன் வாழ்வோர்க்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று கண்டார்கள். 1959இல் வெளியான அம்முடிவு உலக நாடுகள் காசநோயைக் கையாண்ட முறையையே மாற்றியது. ஏழை நோயாளியை விலக்கி வைக்க வேண்டியதில்லை என்று நிறுவியவர்கள் நம் சென்னையின் ஏழைகளே. ஆங்கிலத்தில் அச்சேறிய அச்செய்தி உலகமெல்லாம் சென்றது. 23 ஆண்டுகள் கழித்தும், சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எங்கள் சேரிக்கு அது வந்து சேரவில்லை.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் படிப்பகத்தில் ஒரு பேரேடு வைப்போம். சீட்டிலும் அட்டையிலும் கண்ட சொல்லை ஒரு பக்கம், அதன் துண்டுகளை நடுவில், தமிழ்ப் பொருளை மறுபக்கம் பிள்ளைகளே எழுதட்டும். எழுதியதை நானும், மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றும் நம் சகோதரிகளும் சரிபார்க்கிறோம். மேல்நிலை வகுப்பு மாணவர் இருவர் முறை வைத்துக்கொண்டு, துணையின்றி மருத்துவமனைக்குச் செல்லும் முதியோருடன் போகட்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. சீட்டைப் படிக்கும் பிள்ளை அதில் உள்ளதை உரியவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும்; பேரேட்டில் சொல் ஏறலாம், ஆள் பெயர் ஏறக் கூடாது. படிக்கச் சொல்லி வருபவரை வாசலில் நிறுத்தாமல், உள்ளே அழைத்து உட்காரவைத்துப் படித்துச் சொல்லுங்கள். இரண்டாம் வரியையும் படியுங்கள்.

பேரேட்டை நான் வாங்கி வருகிறேன். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குப் படிப்பகத்தில் கூடுவோம். வீட்டில் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளைக் குப்பையில் எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள்.