மலையில் விழுந்த விமானங்கள்

(பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார் செயலாளர்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா சாலையை ஜப்பான் துண்டித்ததும், 1942 முதல் அசாமிலிருந்து இமயமலையின் கிழக்குக் கோடியைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்கு அமெரிக்க விமானங்கள் சரக்கு கொண்டுபோயின. விமானிகள் அந்தப் பாதையை 'ஹம்ப்', அதாவது திமில் என்றார்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள் விழுந்தன.

அதில் ஒன்று 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற பி-24. 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குக் கிளம்பியது. வந்து சேரவில்லை. உள்ளே எட்டுப் பேர்.

2006-இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் அருணாசலப் பிரதேசத்தில் தம்ரோ கிராமத்துக்கு அருகே மலையில் அதைக் கண்டுபிடித்தார். இப்படிக் கிடக்கும் விமானம் எது என்று சொல்வது, உடைந்த பாகங்களில் இருக்கும் எண்கள்தான். நம் பேஸ்மென்ட்டில் தூசி படிந்த வண்டி யாருடையது என்று நம்பர் பிளேட்டை வைத்துத்தானே தேடுகிறோம்! (இரண்டு வண்டி இன்னும் நிற்கிறது.)

அந்த எட்டுப் பேரில் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டின் எச்சங்கள் 2017-இல் ஜார்ஜியாவில் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. 73 வருஷம் கழித்து. பெற்றவர்கள் அதைப் பார்க்க இல்லை.

மலைக் கிராமத்தார் அலுமினியத்தை வெட்டிப் பாத்திரம் செய்துகொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஞாபகத்துக்கு என்று துண்டை எடுத்துப் பையில் போடும் நம்மைப் போன்றவர்களைத்தான் சொல்கிறேன். பாசிகாட்டில் 2023-இல் ஹம்ப் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வடகிழக்குக்கு டூர் போகிறவர்கள் அங்கே போய்ப் பாருங்கள். காட்டில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு, இடத்தை மட்டும் அங்கே சொல்லுங்கள்.