விரலும் எழுதுகோலும்

இருக்கன்குடியில் மாரியம்மனைத் தரிசித்துவிட்டுச் சாத்தூர் வழியாகச் சிவகாசிக்குச் செல்வோர் வழியில் பட்டாசுத் தொழிற்சாலைகளைக் காண்பர். வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் தொழிலாளி வாயிலிலுள்ள செப்புத் தகட்டைத் தொடவேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் பாதுகாப்பு விதி. அது சடங்கன்று. கம்பியால் பூமியுடன் இணைந்த அத்தகடு, உடலில் தேங்கிய மின்னேற்றத்தை மண்ணில் இறக்கிவிடுகிறது.

மனித உடல் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பாத்திரம். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட். ஒரு ஃபாரட்டை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே பைக்கோஃபாரட். வறண்ட நாளில் நைலான் ஆடை உராய்ந்து உடலின் மின்னழுத்தம் 10,000 வோல்ட்டாக உயர்ந்தால், அதில் அடங்கும் சக்தி ஒரு ஜூலின் 200இல் ஒரு பங்கு. கடுகளவுதான்; ஆயினும் அலுமினியப் பொடி கலந்த மருந்து பற்றிக்கொள்ள அந்தக் கடுகே போதுமானதாகிவிடலாம். பருத்தி ஆடை உடுத்துமாறு வற்புறுத்துவதும் இதனாலேயே.

எந்தக் குணத்துக்கு அங்கே அஞ்சுகிறோமோ, அதே குணத்தைக் கொண்டுதான் கைப்பேசியின் தொடுதிரை நம் விரலை அறிகிறது. விரலின் அழுத்தத்தை அறிவதாகப் பலர் எண்ணுகின்றனர். அழுத்தம் இதற்குத் தேவையே இல்லை.

கண்ணாடியின் அடியில், ஒளி ஊடுருவக்கூடிய இண்டியம் டின் ஆக்ஸைடு என்னும் மின்கடத்தியாலான மெல்லிய கோடுகள், தறியின் பாவும் ஊடையும்போல் நெடுக்கும் குறுக்குமாக, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் அமைந்துள்ளன. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு மின்தேக்கி. ஒரு கோட்டில் மின்துடிப்பைச் செலுத்தி, குறுக்குக் கோட்டில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கருவி விநாடிக்குப் பல தடவை அளக்கிறது. விரல் நெருங்கினால் மின்புலத்தின் ஒரு பகுதியை உடல் வாங்கிக்கொள்ளும். வந்து சேரும் அளவு குறையும். அக்குறைவு பெரும்பாலும் ஒரு பைக்கோஃபாரட்டுக்கும் உட்பட்டதே. அண்டைச் சந்திப்புகளின் குறைவையும் ஒப்பிட்டு விரலின் நடுவிடம் கணக்கிடப்படுகிறது. மின்தேக்கத்தால் தொடுகையை அறியும் திரையைப் பற்றி, 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகர ரேடார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான்சன் எழுதினார். விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்துவோருக்காக எண்ணிய கருவி அது!

இனி எழுதுகோல். மரப்பென்சிலின் மரப்பகுதியால் தொட்டால் திரை அசையாது. காய்ந்த மரம் மின்னைக் கடத்தாது. மின்கடத்தும் ரப்பர் முனையுள்ள பேனா விரலின் வேடம் பூண்டது. முனை விரல்நுனிபோல் அகலமாக இருப்பதால் திரை அதை விரலென்றே கொள்ளும். எழுத்தும் தடித்தே விழும்.

மெய்யாகவே வேறுபடுவது மின்கலம் கொண்ட பேனா. அது தன் கூரிய முனையிலிருந்து தானே மின்துடிப்பை அனுப்புகிறது. திரை தன் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது: ஒரு கணம் தானே துடிப்பைச் செலுத்தி விரலைத் தேடும், மறுகணம் மௌனமாகிப் பேனாவின் குரலைக் கேட்கும். விரல் வந்தால் குறைவு, பேனா வந்தால் வரவு. எழுதுகையில் திரைமீது படியும் உள்ளங்கை அகன்ற குறைவாகத் தெரிவதால் அது தள்ளப்படுகிறது. எவ்வளவு அழுத்தி எழுதுகிறோம் என்பதைப் பேனாவே அளந்து சொல்லிவிடும்.

இத்தனை நுட்பத்தையும் ஒரு துளி நீர் குழப்பிவிடும். இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், நீர் ஓடும் நாட்களில், குளித்தெழுந்த ஈரக் கையோடு படம் பிடிக்க முயன்று பாருங்கள். நீரும் மின்புலத்தை மாற்றுவதால், விரல் எங்கே, துளி எங்கே என்று திரை தடுமாறும். துடைத்துவிட்டுத் தொட்டால் பணியும்.