கருவின் ஓட்டில் ஒரு திறப்பு

கருவுற்ற முட்டையைச் சுற்றி 'சோனா பெலுசிடா' என்ற புரத உறை உண்டு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 15 பங்கு அளவுதான். ஐந்தாறு நாளில் கரு இந்த உறையைக் கிழித்து வெளியே வந்தால்தான் கருப்பைச் சுவரில் ஒட்ட முடியும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு வருவது போலத்தான் இதுவும்.

உறை தடித்துவிட்டால் கரு உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்று கருதி, சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு முறையில் உறையைத் திறந்துவிடும் பழக்கம் வந்தது. முதலில் கண்ணாடி ஊசியால் கீறினார்கள், அமிலத்தால் கரைத்தார்கள். இரண்டுக்கும் தேர்ந்த கை வேண்டும். அமிலம் சற்றே கூடினாலும் கருவுக்கு ஆபத்து.

1990-களில் லேசர் வந்தது. 1480 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர், நுண்ணோக்கியின் லென்ஸ் வழியாகவே பாய்கிறது. கருவை எதுவும் தொடுவதில்லை. சில மில்லிசெகண்டு நேரம் எழும் வெப்பம், குறிவைத்த இடத்தில் மட்டும் உறையைக் கரைக்கிறது. மரபணுப் பொருளைச் சிதைப்பது புற ஊதாக் கதிர். இந்த அலைநீளமோ அதற்கு வெகுதொலைவில் இருக்கிறது. எனினும் லேசர் துடிப்பு நீண்டால் அருகிலுள்ள செல்கள் சூடாகிவிடும்.

மரபணுச் சோதனைக்காகக் கருவின் வெளிப்புறச் செல்கள் சிலவற்றை எடுக்கவும் இதே லேசர் உதவுகிறது. இன்று அதன் உறுதியான பயன் இதுதான் எனலாம். ஆனால் அந்த மரபணுச் சோதனையைக் கொண்டு பாலினம் தேர்ந்தெடுப்பது இந்தியாவில் குற்றம்.

உறை திறப்பதால் குழந்தைப்பேறு கூடுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆகவே, கூடுதல் கட்டணத்துடன் இதைப் பரிந்துரைத்தால், தமக்கு இது ஏன் தேவை என்று தம்பதியர் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.