சைக்கிள் ஏறி வந்த ஜனநாயகம்

இந்த எபிசோடை அரிமளத்துல இருந்து பேசுறேன்.

1991 செப்டம்பர்ல, சோவியத் யூனியனை விட்டு விலகணும்னு ஆர்மீனியா மக்கள் ஓட்டுப் போட்டாங்க. அதே வருஷம் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சது.

சமஸ்தானம் 1948-லயே இந்தியாவோட இணைஞ்சாச்சு, ஓட்டுரிமையும் வந்தாச்சு. ஆனா 43 வருஷம் கழிச்சும் ஏராளமான பெண்கள் கைநாட்டுதான். அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் தொண்டர்களும் எழுத்தோட சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தாங்க. ஏன் சைக்கிள்? வகுப்புக்கோ கூட்டத்துக்கோ போக, வீட்டு ஆம்பளைங்க கொண்டுபோய் விடணும்னு காத்திருக்க வேண்டாம். ஊர் கேலி பண்ணுச்சு, அவங்க மிதிச்சாங்க. கல்குவாரியில கூலிக்கு உடைச்ச பெண்கள் சங்கமா சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தாங்க.

ஆர்மீனியாவுக்கும் ஓட்டு மட்டும் போதலை. 2018-ல கியூம்ரியில ஆரம்பிச்ச நடைபயணம் தலைநகர் யெரெவான்ல பெரிய போராட்டமாச்சு. ஏப்ரல் 23-ல பிரதமர் சர்க்சியான் ராஜினாமா செஞ்சார்.

ரெண்டு இடத்துலயும் ஜனங்க வீட்டை விட்டு வெளிய வந்து ஒண்ணா சேர்ந்த பிறகுதான் உரிமைக்கு உயிர் வந்துச்சு. நகரத்துல இருக்கவங்க, உங்க வார்டுல பகுதி சபா கடைசியா எப்போ கூடுச்சுன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.